எருசலேமின் காலநிலையும் வரலாறும்

எருசலேம், மத்தியதரைக் கடலிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உள்நாட்டில், யூதேய மலைத்தொடரின் முகட்டையொட்டிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 முதல் 800 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பழம்பெரும் நகரம் ஆகும். மேற்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து மழையாகப் பெய்கிறது. கிழக்கே நிலம் சடசடவென இறங்கி, 400 மீட்டருக்கும் அதிகமாகக் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் சாக்கடலில் முடிகிறது. நகரம் ஆண்டுக்குச் சராசரியாக 550 மில்லிமீட்டர் அளவில் மழை பெறுகிறது. ஒரு நாள் நடைத் தொலைவில் உள்ள எரிகோவுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. நகரின் கிழக்கு விளிம்பில் உள்ள ஒலிவ மலையின் மேல் நின்றால் ஒரு பக்கம் தோட்டங்களும் மறுபக்கம் யூதேயப் பாலைவனமும் தெரிவது இதனால்தான்.

550 மில்லிமீட்டர் என்பது சிறிய அளவன்று. இலண்டன் மாநகரின் மழை இதைவிடச் சற்றே கூடுதல். ஆனால் இலண்டனில் அது ஆண்டு முழுவதும் தூறுகிறது. எருசலேமில் அக்டோபர் இறுதி முதல் ஏப்ரல் வரையிலான குளிர்காலத்தில், ஏறத்தாழ அறுபது மழை நாள்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை மழை என்பதே அநேகமாக இல்லை. நகரின் ஊடாக ஓடும் ஆறும் கிடையாது. ஐந்தாறு மாதங்களில் விழுவதைப் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் வாழ வேண்டும் என்ற நிலைமை அந்நகரின் கட்டடங்களை, வழிபாட்டை, போர்களைத் தீர்மானித்திருக்கிறது.

முன்மாரியும் பின்மாரியும்

தமிழ்க் கிறித்தவர்களுக்கு முன்மாரி, பின்மாரி என்னும் சொற்கள் விவிலியத்தின் வழியாக நன்கு அறிமுகமானவை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவக்காற்றுகளுக்குப் பழகிய தமிழ் வாசகர் இவற்றை இரண்டு தனித்தனி மழைக்காலங்களாக எண்ணிக்கொள்ள இடமுண்டு. எருசலேமில் மழைக்காலம் ஒன்றே. எபிரேய மொழியில் யோரே எனப்படும் முன்மாரி, கோடையில் இறுகிப்போன மண்ணை இளக்கி உழவுக்கும் விதைப்புக்கும் வழிவிடும் இலையுதிர்கால முதல் மழை. மல்கோஷ் எனப்படும் பின்மாரி, மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் கதிர் முற்றும் நேரத்தில் பெய்யும் கடைசி மழை. இரண்டுக்கும் நடுவேதான் பெருமழை பெய்கிறது. முன்மாரி பிந்தினால் விதைப்பு தள்ளிப்போகும். பின்மாரி பொய்த்தால் தானியம் சாவியாகும். நடுவில் எவ்வளவு கொட்டினாலும் இந்த இரண்டு இழப்புகளையும் அது ஈடு செய்யாது.

நகருக்கு மேற்கே உள்ள கெசேர் என்னும் பழம் ஊரில் 1908ஆம் ஆண்டில் ஒரு சிறு சுண்ணாம்புக்கல் பலகை கிடைத்தது. கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இக்கல்வெட்டு ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் வேளாண் வேலைகளால் குறிக்கிறது. பட்டியல் தொடங்குவது விளைச்சலைச் சேர்க்கும் இலையுதிர்காலத்தில். பிறகு விதைப்பு, பின்விதைப்பு, ஆளி அறுப்பு, வாற்கோதுமை அறுவடை எனச் சென்று கோடைக் கனிகளோடு முடிகிறது. யூதர்களின் புத்தாண்டும் இன்றுவரை இலையுதிர்காலத்தில் வருகிறது. மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்க்கும் காலமே அங்கே ஆண்டின் வாசல்.

அந்தக் காத்திருப்புக்குச் சட்டமும் வகுக்கப்பட்டது. கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில், மழையில்லாக் காலத்து நோன்புகளுக்கென்றே தானித் என ஒரு பகுதி உள்ளது. மழை பிந்தினால் முதலில் சிலர் மட்டும் நோன்பிருப்பர். மேலும் பிந்தினால் ஊரே நோன்பிருக்கும். அப்படியும் வராவிட்டால் திருமணம், கட்டட வேலை, ஒருவரையொருவர் வாழ்த்துவது முதலியவற்றைக்கூடக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதே பகுதியில் மனத்தைத் தொடும் விதி ஒன்று வருகிறது. கூடாரப் பெருவிழா முடிந்ததும் மழை கேட்டு மன்றாடத் தொடங்கலாம் என்றாலும், அதைப் பதினைந்து நாள்கள் தள்ளிப்போட வேண்டும் என்கிறது அது. விழாவுக்காகப் பாபிலோனிலிருந்து எருசலேம் வந்த யாத்திரிகர்களில் கடைசி ஆள் யூப்ரத்தீசு ஆற்றங்கரையை எட்டுவதற்கு அத்தனை நாள் ஆகும்; அவர் வழியில் நனையக்கூடாது. மழைக்கு ஏங்கிக் கிடக்கும் ஊர், வழிப்போக்கருக்காக இரண்டு வாரம் வாய்மூடி இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறது.

அரபு உழவர்கள் குளிர்காலத்தை வேறு விதமாகப் பங்கிட்டனர். திசம்பர் 22 அளவில் தொடங்கும் முதல் நாற்பது நாள்கள் கடுங்குளிர்க் காலம். அடுத்த ஐம்பது நாள்கள், விண்மீன் கூட்டங்களின் பெயரால் சஅது எனப்படும் நான்கு சம பகுதிகளாகப் பிரிகின்றன. ஒவ்வொன்றும் பன்னிரண்டரை நாள். முதலாவதில் குளிர் ஆளை அறுக்கும். இரண்டாவதில் பெய்யும் மழையை நிலம் விழுங்கிக்கொள்ளும். மூன்றாவதில் மரத்தில் உயிர்ச்சாறு ஏறும். நான்காவதில், குளிருக்கு ஒளிந்திருந்த பாம்பும் பூச்சியும் வெளியே வரும். மார்ச்சு மாதம் 21 அளவில் கணக்கு முடிகிறது. அதற்குப் பின் வரும் வசந்தத்தில்தான் கம்சின் எனப்படும் வெப்பக்காற்று கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பாலைவனத் தூசியைச் சுமந்து வீசும். கம்சின் என்றால் ஐம்பது என்று பொருள். குளிர்காலத்து ஐம்பதையும் இதையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

கோடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூலை, ஆகத்து மாதங்களில் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். பிற்பகலில் கடற்காற்று மலையேறி வந்து சேரும். இரவு 20 பாகைக்குக் கீழ் இறங்கிவிடும். உடலுக்கு இதமான கோடைதான். தொட்டியைத் திறந்து நீர்மட்டம் பார்ப்பவருக்கு மட்டுமே அது கொடியது.

பாறைக்குள் சேர்த்த மழை

தொடக்கத்தில் ஊரை அங்கே நிறுத்தியது ஒரே ஓர் ஊற்று. கிதரோன் பள்ளத்தாக்கில், மலைச்சரிவின் அடியில் உள்ள கீகோன் ஊற்று சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளில் தேங்கும் மழைநீரால் உயிர்வாழ்வது. அது சீராக ஓடாது. பொங்கும், ஓயும், மீண்டும் பொங்கும். குளிர்காலத்தில் பொங்கும் முறைகள் கூடும். கோடை முடிவில் குறையும். ஊற்று நகர மதிலுக்கு வெளியே தாழ்வில் இருந்ததுதான் பெரிய தொல்லை.

கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அசீரிய மன்னன் சனகெரிப் படையெடுத்து வந்த சூழலில், யூதாவின் அரசன் எசேக்கியா இந்நீரை ஊருக்குள் கொண்டுவர ஒரு சுரங்கம் வெட்டியதாக விவிலியம் கூறுகிறது. இன்றும் நீர் ஓடிக்கொண்டிருக்கும் அச்சுரங்கத்தின் நீளம் 533 மீட்டர். இரு முனைகளுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு சுமார் 30 செண்டிமீட்டர் மட்டுமே. வளைந்து வளைந்து செல்லும் இதை இரண்டு குழுவினர் எதிரெதிர்த் திசைகளிலிருந்து குடைந்தனர். 1880ஆம் ஆண்டில் சுரங்கத்தில் விளையாடிய சிறுவர்களின் கண்ணில்பட்ட சீலோவாம் கல்வெட்டு, இரு குழுவினரும் பாறைக்கு அப்பால் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்த கணத்தை விவரிக்கிறது. அரசனின் பெயர் அதில் இல்லை. உளி பிடித்தவர்களின் பெருமிதம்தான் இருக்கிறது. கெசேர் கல்வெட்டும் இதுவும் உதுமானிய ஆட்சிக்காலத்தில் கிடைத்தவை ஆதலால், இரண்டும் இன்று இசுதான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளன.

மக்கள் பெருகியபோது ஊற்று போதவில்லை. இரண்டாம் ஆலயக் காலத்தில், பெத்லகேமுக்குத் தெற்கே உள்ள சாலமோன் குளங்கள் எனப்படும் நீர்த்தேக்கங்களிலிருந்து ஆலயத்துக்குக் கால்வாய் அமைக்கப்பட்டது. நேர்க்கோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே உள்ள தொலைவை, மலைகளின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, இருபது கிலோமீட்டருக்கும் மேலாக நீட்டிக்கொண்டு வந்தனர்; மொத்தச் சரிவு முப்பது மீட்டர் அளவுதான். உரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து ஒரு கால்வாய்ப் பணிக்கு ஆலயக் காணிக்கைப் பணத்தை எடுத்ததால் மக்கள் திரண்டு எதிர்த்ததையும், அவர் படைவீரர்களை ஏவித் தடியால் அடிக்கச் செய்ததில் பலர் இறந்ததையும் வரலாற்றாசிரியர் யோசேபசு எழுதியுள்ளார். குடிநீருக்காகச் செய்த செலவுதான். ஆனால் கேட்காமல் எடுத்த பணம்.

கால்வாய் உடையும், எதிரியால் அடைக்கப்படும். வீட்டின் அடியில் இருக்கும் தொட்டியை யாரும் அடைக்க முடியாது. ஆகவே எருசலேம் மக்கள் நூற்றாண்டுகளாகப் பாறையைக் குடைந்து, சுண்ணாம்புச் சாந்து பூசி, கூரையிலும் முற்றத்திலும் விழும் மழையை உள்ளே இறக்கினர். ஆலய மேட்டின் அடியில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட தொட்டிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றுக்குப் பெருங்கடல் என்று பெயர். மழைக்காலம் நெருங்கும்போது கூரையைக் கூட்டிக் கழுவுவதும், கோடைத் தூசியைச் சுமந்து வரும் முதல் மழையை வெளியே ஓடவிடுவதும் வீட்டுக்கடமைகள். மம்லூக்கு அரசர்களும் அவர்களுக்குப் பின் உதுமானியரும் பழைய கால்வாயைப் பலமுறை செப்பனிட்டனர். உதுமானியப் பேரரசர் சுலைமான் 1536–37ஆம் ஆண்டுகளில் நகரின் தெருக்களில் கட்டிய சபீல் எனப்படும் தண்ணீர்ப் பந்தல்கள் இன்றும் நிற்கின்றன.

குளிர்காலம் நன்றாகப் பெய்ததா என்பதை அறிய நகரத்தாரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. கிதரோன் பள்ளத்தாக்கில் உள்ள பீர் அய்யூப் என்னும் ஆழ்கிணறு, நல்ல மழையாண்டில் நிரம்பி வழியும். அது வழிந்த செய்தி பரவியதும் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டுடன் அங்கே போய், பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பொழுதைக் கழித்தனர். ஆறில்லா ஊருக்கு அது சில நாள் ஆறு. மழை குறைந்த ஆண்டின் இலையுதிர்காலத்திலோ, அதே கிணற்று நீரை ஆட்டுத்தோல் பைகளில் சுமந்து வந்து தெருவில் விற்றனர்.

மழையும் வறட்சியும் காத்த நகரம்

முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ, எருசலேம் உள்ளே நீர்வளம் உடையது, வெளியே சுற்றிலும் வறண்டது எனக் குறிப்பிட்டார். நகரின் படைத்துறை வரலாற்றுக்கு இதைவிடச் சுருக்கமான முன்னுரை தேவையில்லை. ஏப்ரலில் மழை நிற்கும்போது தொட்டிகள் நிறைந்திருக்கும். அப்போது முற்றுகையிட வருபவர் வெளியே தாகத்தில் தவிப்பார். உள்ளே இருப்பவர் குடித்துக்கொண்டிருப்பார்.

1099 சூன் 7 அன்று முதல் சிலுவைப்போர்ப் படை நகரின் முன் வந்து சேர்ந்தது. பாத்திமிய ஆளுநர் இஃப்திகார் உத்தௌலா அதற்கு முன்பே சுற்றுப்புறக் கிணறுகளைத் தூர்த்தும் கெடுத்தும் வைத்திருந்தார். வெளியே மிஞ்சியது சீலோவாம் குளம் ஒன்றே; அதுவும் விட்டுவிட்டுச் சுரப்பது; மதிலிலிருந்து வரும் அம்புக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நீர் வந்த நேரத்தில் மனிதரும் விலங்குகளும் முண்டியடித்ததில் அங்கேயே பலர் மிதிபட்டு இறந்ததாகப் படையுடன் இருந்தவர்கள் எழுதியுள்ளனர். பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பதப்படுத்தாத மாட்டுத்தோலைத் தைத்து அதில் நாறும் நீரைச் சுமந்து வந்தனர். சூலை 15 அன்று நகரம் விழுந்தது; தொடர்ந்து நடந்த படுகொலை வரலாறு அறிந்தது. தாகம் அந்தப் படையைத் தோற்கடிக்கவில்லை என்றாலும், காத்திருந்து பட்டினி போட்டுப் பிடிக்கும் வழியை மூடிவிட்டது; விரைந்து மோதுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மூன்றாம் சிலுவைப்போர். 1187இல் சலாதீன் எருசலேமைக் கைப்பற்றியபின், அதை மீட்க வந்த இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டு இரண்டு முறை நகருக்கு மிக அருகில் வந்தான். முதல் முறை 1192 சனவரித் தொடக்கம். படை பெத் நூபா என்னும் ஊரை அடைந்தது. அங்கிருந்து எருசலேம் இருபது கிலோமீட்டர் அளவே. ஆனால் அது குளிர்காலத்தின் நடுப்பகுதி. மழையும் ஆலங்கட்டியும் கூடாரங்களைச் சாய்த்தன. உலர்ரொட்டி நனைந்து கூழானது. உப்பிட்ட பன்றியிறைச்சி அழுகியது. கவசங்களில் துரு ஏறியது. சுமை விலங்குகள் சேற்றில் விழுந்து மடிந்தன. சலாதீனும் குளிர்காலத்துக்காகத் தம் படையில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார் என்பதால், அப்போது நகரம் வலுவாக இருக்கவில்லை. எனினும் உள்ளூர் அனுபவம் உடைய போர்த்துறவியர் சபைகள் திரும்பிவிடுமாறு அறிவுரை கூறின, படை திரும்பியது.

இரண்டாம் முறை அதே ஆண்டு சூன். அதே பெத் நூபா. இப்போது வானத்தில் ஒரு துளி இல்லை. சலாதீன் நகரைச் சுற்றியுள்ள கிணறுகளையும் தொட்டிகளையும் அழிக்கவும் கெடுக்கவும் ஆணையிட்டார். குடிக்கத்தக்க நீர் வெளியே எங்கும் மிஞ்சவில்லை என்று அவருடன் இருந்த வரலாற்றாசிரியர் பகாவுத்தீன் இப்னு ஷத்தாத் பதிவு செய்துள்ளார். எகிப்தைத் தாக்குவதா, எருசலேமையா என்ற பூசலும் படைத்தலைவர்களிடையே இருந்தது. ஆயினும் ஆயிரக்கணக்கான குதிரைகளுக்குத் தண்ணீர் எங்கே என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. சூலைத் தொடக்கத்தில் படை மீண்டும் திரும்பியது. ஒரே மன்னனிடமிருந்து ஒரே நகரத்தை ஆறு மாத இடைவெளியில் ஒருமுறை மழையும் ஒருமுறை மழையின்மையும் காத்தன. செப்டம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. ரிச்சர்டு நகருக்குள் நுழையாமலே நாடு திரும்பினான். சலாதீனின் வெற்றிகளைப் பேசும் நூல்கள் இந்தப் பருவநிலைக்கு உரிய பங்கைக் குறைத்தே தருகின்றன.

1917 நவம்பரில் ஆலன்பி தலைமையிலான பிரித்தானியப் படை மலையேறியபோதும் மழைக்காலம் பிறந்துவிட்டது. வெப்பமான சமவெளியில் போரிட்டு வந்த வீரர்கள் கோடைக்கால உடையிலேயே இருந்தனர். எகிப்திய மணலில் நடந்து பழகிய ஒட்டகங்கள் ஈரப்பாறையில் கால் வழுக்கி விழுந்தன. திசம்பர் 9 அன்று நகரம் சரணடைந்தது.

அளக்கத் தொடங்கிய காலம்

எருசலேமில் மழையை முறையாக அளந்தவர்களில் முன்னோடி, அங்கே பணிபுரிந்த ஆங்கில மருத்துவர் தாமசு சாப்ளின். 1860களின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் எடுத்த குறிப்புகளால், மேற்காசியாவின் மிக நீண்ட மழைப்பதிவுகளுள் ஒன்று இந்நகருக்கு வாய்த்தது. சராசரி என்னும் எண் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை அப்பதிவுகள் காட்டின. 1877–78 குளிர்காலத்தில் மழை 1,000 மில்லிமீட்டரைத் தாண்டியது; வறண்ட ஆண்டுகளில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே பெய்தது.

அதே காலத்தில் வேறொரு வேலையும் நடந்தது. நகரின் கெட்ட நீரால் மக்கள் நோயுறுவதைக் கேட்ட ஆஞ்செலா பர்டெட்-கூட்சு என்னும் இங்கிலாந்துச் சீமாட்டி, நீர் வழங்கலைச் சீர்செய்ய முதலில் நல்ல வரைபடம் வேண்டும் என்பதற்காகப் பணம் கொடுத்தார். 1864–65இல் படைப்பொறியாளர் சார்லசு வில்சன் நகரை அளந்தார். தண்ணீருக்குக் குழாய் வரவில்லை. ஆனால் எருசலேமின் முதல் துல்லியமான வரைபடமும், அதன் தொடர்ச்சியாக நகரின் தொல்லியல் ஆய்வும் பிறந்தன.

தொட்டிகளுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. கோடை முடிவில் அடியில் எஞ்சும் நீரில் மலேரியாக் கொசு பெருகியது; இலையுதிர்காலக் காய்ச்சல் நகரின் நிலையான விருந்தாளி. 1918இல் பிரித்தானியப் பொறியாளர்கள் தெற்கே அர்ரூப் ஊற்றுகளிலிருந்து குழாய் பதித்தனர். வீட்டுத் தொட்டிகளை மூடச் செய்தனர். 1930களின் நடுவில் கடலோரச் சமவெளியில் உள்ள இராசுல் அயின் ஊற்றுகளிலிருந்து நீர் மலைமேல் ஏற்றப்பட்டது. எருசலேம் கடலோரச் சமவெளியின் நீரைக் குடிக்கத் தொடங்கியது.

அந்தப் பாதுகாப்பு நெடுநாள் நிற்கவில்லை. 1948 போரில் அக்குழாய் வழி நின்றுபோனது. மேற்குப் பகுதியில் இருந்த யூத நிர்வாகம், கைவிடப்பட்ட பழைய தொட்டிகளை முன்கூட்டியே கணக்கெடுத்து நிரப்பிப் பூட்டி வைத்திருந்தது. வண்டிகளில் வந்த நீர் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 லிட்டர். குடிப்பது, சமைப்பது, கழுவுவது எல்லாம் அதற்குள்தான். குளிர்கால மழையில் தானாக முளைத்துக் கிடந்த குபேசா என்னும் கீரையைப் பறித்துச் சமைத்துப் பசியாறினர். வேலிக்கு இருபுறமும் இருந்த மக்களுக்கு அது பழகிய கீரை. அரபுக் குடும்பங்கள் எப்போதும் சமைத்து வந்தது.

குளிர்காலம் சில ஆண்டுகளில் பனியாகவும் இறங்கும். 1920 பிப்ரவரியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் பனி விழுந்தது. பிலிப்பைன்சில் பினாத்துபோ எரிமலை வெடித்ததை அடுத்து வந்த 1991–92 குளிர்காலத்தில் மழையும் பனியும் வழக்கத்தை மீறின. 2013 திசம்பரில் சாலைகள் மூடப்பட்டு நகரம் சில நாள்கள் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டது.

இன்று நகருக்கு வரும் நீரில் பெரும்பங்கு மத்தியதரைக் கடற்கரையில் உப்பு நீக்கப்பட்டு 800 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்படுவது; மழை பொய்த்த ஆண்டிலும் குழாயில் நீர் வரும். ஆனால் அந்தக் குழாய் எல்லாருக்கும் ஒன்றுபோல் எட்டுவதில்லை. 2014ஆம் ஆண்டில், நகர எல்லைக்குள்ளேயே பிரிவுச் சுவருக்கு அப்பால் உள்ள சுஅஃபாத் அகதி முகாமிலும் அதையடுத்த பகுதிகளிலும் வாரக்கணக்கில் நீர் வழங்கல் குலைந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அப்பகுதிகளின் மொட்டை மாடிகளில் வரிசையாக நிற்கும் கறுப்பு நெகிழித் தொட்டிகளில் மழை சேர்வதில்லை. குழாயில் நீர் வரும் நேரத்தில் அவற்றை நிரப்பி வைத்துக்கொள்கின்றனர்.